கோதாவில் சிறியவர்: மற்போர் வரலாற்றில் ஒரு பழைய வினா

தொலைக்காட்சி மற்போர் பார்க்கும் இளைஞர்களிடையே ஓயாமல் எழும் வினா ஒன்று உண்டு. பெரிய நிறுவனம் எதன் ஆதரவும் இன்றிச் சிறு கூடங்களில் சுயேச்சையாக மோதிப் பெயரெடுத்த, உருவத்தில் சிறிய மல்லர்கள், உலகப் பெரும் மற்போர் நிறுவனம் ஒன்றில் நுழைந்தால் அங்கே முதலிடம் பெற முடியுமா? ஆரணியில் நம் மாணவர்கள் இதைப் பற்றிக் கடுமையாக வாதிடக் கேட்டிருக்கிறோம். அவர்களிற் பலர் பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். சிறியவன் பெரிய இடத்தில் நிலைக்க முடியுமா என்பது அவர்களுக்கு மற்போர் பற்றிய வினா மட்டுமன்று என்பது கேட்கக் கேட்கப் புலப்பட்டது.

இலக்கிய வாசகர்கள் இதை விளையாட்டுப் பக்கத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இவ்வினா மிகப் பழமையானது; நம் சங்கப் புலவர் இருவர் இதன் அருகில் நின்று பாடியிருக்கின்றனர்.

நம் தலைமுறையினர் 1990களில் பள்ளிப் பையில் ஒளித்து வைத்திருந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டை மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்லரின் படம். அதன் கீழே உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் அளவு, ஆடிய போட்டிகள், வென்ற போட்டிகள். பெரிய எண் யார் கையில் இருக்கிறதோ அவர் எதிரியின் சீட்டை எடுத்துக்கொள்வார். அந்த ஆட்டத்தில் விரைவுக்கு எண் இல்லை. பிடியின் நுட்பத்துக்கும் எண் இல்லை. பெரியது வெல்லும் என்னும் விதியை நாம் அங்கேதான் முதலில் கற்றோம். அது மற்போரின் விதியா, சீட்டை அச்சிட்டவரின் விதியா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆமூரில் கூழுண்ட வீரன்

புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் ஒரே வீரனைப் பற்றியவை. அவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தனின் மகன் என்றும், தந்தையோடு மாறுபட்டு நாடு நீங்கியவன் என்றும் உரைகள் கூறும். முக்காவல் நாட்டு ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருது அவனை வீழ்த்தி நின்றான். முதல் மூன்று பாடல்களைச் சாத்தந்தையாரும், பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினர்.

இன்றைய சொல்லில் கூறுவதானால், இந்தக் கிள்ளி ஒரு சுயேச்சை மல்லன். பின்னால் படையில்லை, பொருளில்லை. இருப்பது பிறருடைய ஊர். அவன் கூழ் உண்டு வாழ்ந்தும் தோள் பெருத்தவன் என்று நக்கண்ணையார் பாடுகிறார். அவன் களம் புகுந்தால், விழா நாளில் தருக்கித் திரிந்த ஊர் மள்ளர்க்கு அவன் எப்படித் தோன்றுவான் என்பதற்கு, உப்பு வணிகர் வண்டி ஓட்ட அஞ்சும் துறையை உவமையாக்குகிறார்.

சாத்தந்தையார் தம் முதற்பாட்டில் பிடிகளையே காட்டுகிறார்: ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்புறம் வளைக்கிறது. பகை பாராட்டும் தந்தை தித்தன் இதைக் கண்டு மகிழட்டும், மகிழாது போகட்டும், காணவாவது வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். 82ஆம் பாட்டின் உவமை தமிழ்க் கவிதையின் அரிய உவமைகளுள் ஒன்று. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளி ஒருவன் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையுமோ, அதனினும் விரைந்தது கிள்ளியின் போர் என்கிறார். மல்லனின் பெருமையை அளக்கப் புலவர் யானையையோ மலையையோ தேடவில்லை. கைத்தொழிலாளியின் விரல் விரைவை அளவுகோலாக எடுத்தார். சீட்டுக்கட்டில் இல்லாமற் போன எண் இதுதான்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 85ஆம் பாட்டில் ஊர் இரண்டாகப் பிரிகிறது. வெற்றி அவனுக்கே என்பார் ஒரு சாரார். இல்லை என்பார் மற்றொரு சாரார். நக்கண்ணையார் சிலம்பொலிக்க ஓடிவந்து, தம் வீட்டுப் பனையைச் சார்ந்து நின்று, தம் கண்ணாலேயே அவன் வெற்றியைக் காண்கிறார். களத்தில் நடப்பதைக் காண்பவர் எல்லார்க்கும் அதைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. முடிவை மாற்றும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆமூர்க் களத்தின் இவ்வியல்பை நினைவிற் கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

இலண்டன், 1910

1878இல் பஞ்சாபில் மல்லர் குடும்பத்தில் பிறந்த குலாம் முகம்மது பக்ஷைக் காமா என்று உலகம் அறியும். தத்தியா சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர். உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலம். ஏழடியை நெருங்கும் உயரம் கொண்டவராகச் சொல்லப்படும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு மோதி, முடிவின்றிப் பிரிந்த போட்டியால் இந்தியா முழுவதும் பெயர் பெற்றார்.

1910இல் காமாவும் தம்பி இமாம் பக்ஷும் வேறு சில இந்திய மல்லரும் இலண்டன் சென்றனர். அன்று இலண்டனில் மற்போர் பெருவணிகம். இசை அரங்குகளில் மல்லர்கள் காட்சி தந்தனர். அவர்களுக்கு மேலாளர்களும் விளம்பரக்காரர்களும் இருந்தனர். அங்கு நடைபெறவிருந்த போட்டியில் காமாவைச் சேர்க்க மறுத்தனர் என்றும், உயரம் போதாது என்பதே காரணமாகக் கூறப்பட்டது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் பலர் குறிப்பர்.

காமா செய்தது எளிய செயல். எந்த எடையினராயினும் சரி, மூன்று மல்லரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவதாக வெளிப்படையாக அறைகூவினார். போட்டிக்காரர்கள் மூடிய கதவைப் பொதுமக்கள் வழியாகத் தட்டினார் எனலாம். முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் வீழ்ச்சிக்கு இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டு ஸ்தனிஸ்லாஸ் ஸிபிஸ்கோ. உயரத்தில் காமாவை ஒத்தவர்; எடையில் மிக மிஞ்சியவர். 1910 செப்டம்பர் 10 அன்று இருவரும் மோதினர். தொடங்கிய சிறிது நேரத்திலேயே காமா அவரைத் தரைக்குக் கொண்டுவந்தார். ஸிபிஸ்கோ அதற்குப் பின் எழவே விரும்பவில்லை. கைகால்களை ஊன்றித் தரையோடு ஒட்டிக் கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே கழிந்தது. போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 17 அன்று மீண்டும் மோதுவதென ஏற்பாடு, ஸிபிஸ்கோ வரவேயில்லை. ஜான் புல் பட்டை காமாவுக்கு வழங்கப்பட்டது. 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது, ஒரு நிமிடம் நிறைவதற்குள் ஸிபிஸ்கோ மல்லாந்து கிடந்தார்.

காமாவின் வரலாறு நமக்குத் தருவது இது: மோதலின் முடிவு உண்மையில் களத்திலேயே தீர்மானிக்கப்பட்ட காலத்தில், சிறியவருக்கு எதிரான தடை வாயிலில் மட்டுமே இருந்தது. உள்ளே போய்விட்டால் உடலின் அளவு பாதிக் கணக்கு. மீதிக் கணக்கு திறமை.

எழுதப்பட்ட முடிவு

ஸிபிஸ்கோவின் கதை அத்தோடு முடியவில்லை. 1920களின் அமெரிக்காவில் எட் லூயிஸ் என்னும் மல்லரும், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்னும் இருவரும் கூட்டாக மற்போர் வணிகத்தை நடத்தினர். மணிக்கணக்கில் தரையில் கிடந்து பிடிபோடுவதைக் காண மக்கள் பணம் தருவதில்லை என்று கண்டு, ஆட்டத்தைச் சுருக்கினர். துள்ளலும் வீச்சும் சேர்த்தனர். வெற்றி தோல்வியை முன்கூட்டியே வகுத்தனர். 1925 ஜனவரியில் வேய்ன் மன் என்னும் நெடிய கால்பந்து வீரருக்கு வாகைப் பட்டத்தைத் தூக்கிக் கொடுத்தனர். மன்னுக்கு மற்போர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சீட்டுக்கட்டுக்கு ஏற்ற உருவம் அவருடையது.

அவ்வாண்டு ஏப்ரலில் மன்னிடம் தோற்பதற்காக அமர்த்தப்பட்டவர், நாற்பதைக் கடந்துவிட்ட ஸிபிஸ்கோ. ஒப்புக்கொண்டபடி அவர் தோற்கவில்லை. பார்வையாளர் முன்னிலையில் மன்னை மீண்டும் மீண்டும் புரட்டிப் போட்டார், பட்டம் கைமாறிற்று. இலண்டனில் காமாவுக்கு அஞ்சித் தரையைக் கட்டிக்கொண்ட அதே மனிதர், தம்மினும் நெடியவரைத் திறமையால் அவமானப்படுத்தினார். கேட்க இனிய கதைதான். ஆயினும் ஸிபிஸ்கோவின் பின்னே எதிர்க்கூட்டத்து மேலாளர்கள் இருந்தனர். மறு மாதமே அவர் அக்கூட்டத்தின் ஜோ ஸ்டெக்கரிடம் பட்டத்தை இழந்தார். ஒருவர் எழுதிய முடிவை மீறியது, மற்றொருவர் எழுதிய முடிவுக்காகவே. களத்தில் நிற்கும் மல்லனின் கையிலிருந்து முடிவு முற்றிலும் நழுவிவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

படுகளமும் பெருநிறுவனமும்

முடிவு முன்னரே வகுக்கப்பட்டது என்பதால் அது பொய்யாட்டம் என்று இகழ்வோர் உண்டு. ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தவர் அவ்வாறு இகழ மாட்டார்கள். இங்கே திரௌபதியம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும், இரவுதோறும் பாரதக் கூத்து, நிறைவில் படுகளம். பல அடி நீளத்துக்கு மண்ணால் செய்த துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கும். கூத்தர் இருவர் வீமனும் துரியோதனனுமாக அதைச் சுற்றிச் சுற்றி மோதுவர். துரியோதனனே வீழ்வான் என்பது கூடியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் ஊர் கண்ணிமைக்காது நிற்கும். தொடை பிளக்கும் கணத்தில் அழுகையும் எழும். பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1957இல் வெளியிட்ட தம் நூலின் முதற்கட்டுரையில் மற்போரை விளையாட்டு என்று கொள்ளாமல் ஒரு காட்சி என்று கொண்டு ஆராய்ந்தார். அவர் நம் படுகளத்தைக் கண்டிருந்தால் மேலும் சில பக்கங்கள் எழுதியிருப்பார்.

எனினும் கூத்துக்கும் நிறுவன மற்போருக்கும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. கூத்தில் மெலிந்த உடலினரும் துரியோதனன் ஆகலாம். மரத்தாலான கிரீடமும் புஜக்கட்டையும் ஏறினால் உருவம் பெருகும்; குரல் மீதியை நிரப்பும். நிறுவன மற்போரில் உடலே வேடம். அதைக் கழற்றி வைக்க இயலாது. இரண்டாவது வேறுபாடு இதனினும் முக்கியம். கூத்தின் முடிவு ஊர் முழுவதற்கும் உரியது, மரபு எழுதியது, அதை எவரும் விலைக்கு வாங்க முடியாது. நிறுவன மற்போரின் முடிவோ ஒருவரின் சொத்து.

தாராசிங், கிங்காங் பெயர்களை நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. எமில் சாயா என்னும் இயற்பெயர் கொண்ட கிங்காங் ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளவர். தாராசிங் ஆறடிக்கு மேற்பட்ட ஆஜானுபாகு. ஆயினும் கிங்காங்கின் பக்கத்தில் அவரும் சிறியவரே. அந்த மலையை அவர் தூக்கிய காட்சிதான் சிங்கப்பூர் முதல் பம்பாய் வரை சீட்டுகளை விற்றுத் தீர்த்தது. பெரியவனைச் சிறியவன் தூக்குவதைக் காண மக்கள் எக்காலத்தும் விரும்பியிருக்கின்றனர். மக்கள் விரும்புவதை நிறுவனம் எப்போது தரும், எப்போது தராது என்பதே இனிப் பார்க்க வேண்டியது.

சட்டம் திறந்த கதவு

1982இல் வின்ஸ் மக்மஹன் தம் தந்தையின் மற்போர் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அதுவரை அமெரிக்க மற்போர் வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. அவர் தொலைக்காட்சி வழியே நாடு முழுவதையும் தம் கோதாவாக்கினார். 1987இல் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்னும் பேருருவத்தாரைத் தூக்கி எறிந்த காட்சி அக்காலத்தின் அடையாளம். உடல் பருமனே அன்று தகுதி.

அத்தகுதி தளர்ந்தது கலைநோக்கால் அன்று. மல்லர்களுக்குத் தசை பெருக்கும் ஊக்கமருந்து வழங்கிய மருத்துவர் ஒருவர் 1991இல் தண்டிக்கப்பட்டார். 1993இல் மக்மஹன் மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. 1994இல் அவர் விடுவிக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் ஊதிப் பெருத்த உடல்கள் நிறுவனத்துக்குச் சங்கடமாயின. 1992 அக்டோபரில் பிரெட் ஹார்ட் வாகைப் பட்டம் பெற்றார். 1996இல் ஷான் மைக்கேல்ஸ் அதைப் பெற்றார். இருவரும் குள்ளர்கள் அல்லர்; முன்னவர்களோடு ஒப்பிட மெலிந்தவர்கள்; ஆட்டத் திறத்தால் அறியப்பட்டவர்கள். நீதிமன்றம் தட்டியதால் திறந்த கதவு அது.

திறந்த கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதை 1997 நவம்பர் 9 உணர்த்தியது. ஹார்ட் வேறு நிறுவனத்துக்குச் செல்லவிருந்தார். தம் தாய்நாடான கனடாவின் மான்ட்ரியால் நகரில் பட்டத்தை இழக்க அவர் இசையவில்லை. அன்றைய ஆட்டத்துக்கு அவர் ஒப்புக்கொண்ட முடிவு வேறு. ஆனால் மைக்கேல்ஸ் அவரைப் பிடியில் வைத்திருந்தபோது, ஹார்ட் பணியாமலேயே மக்மஹன் மணியடிக்கச் செய்தார். ஐந்தாண்டு அந்நிறுவனத்தின் முகமாக இருந்தவருக்கும் முடிவில் உரிமையில்லை.

கூட்டத்தின் குரல்

இனி மாணவர்களின் வினாவுக்கு நேராக வருவோம். பிரையன் டேனியல்சன் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் ஊரினர். ஷான் மைக்கேல்ஸ் நடத்திய பயிற்சிக்கூடத்தில் கற்றவர். ஆறடிக்குக் குறைந்தவர். 2002இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ரிங் ஆஃப் ஹானர் என்னும் சிறு நிறுவனத்தில் பெயர் பெற்றார். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் மோதினார். சுயேச்சை மல்லர்களுள் தலைசிறந்தவர் என்று சுவைஞர்கள் கொண்டாடிய அவர், 2010இல் டபிள்யூ.டபிள்யூ.இ. தொலைக்காட்சிக்கு டேனியல் பிரையன் என்னும் பெயரோடு வந்தார். புதிய பெயர் நிறுவனம் இட்டது. அங்கே அவருக்கு எழுதப்பட்ட முதல் வேடம், திறமை இருந்தும் தோற்றம் இல்லாதவர் என்று வருணனையாளரால் ஏளனம் செய்யப்படும் புதுமுகம்.

2012 ஏப்ரல் 1 அன்று ஆண்டின் பெருவிழாவில் உலகப் பட்டத்தோடு வந்த அவரைப் பதினெட்டு வினாடியில் தோற்கச் செய்தனர். நிறுவனம் எதிர்பாராதது அதன்பின் நடந்தது. கூட்டம் அவருடைய முழக்கத்தை எடுத்துக்கொண்டது. வேறு எவர் மோதினாலும் ‘யெஸ்’ என்று கைகளை உயர்த்திக் கத்தியது. 2013 ஆகஸ்டில் அவர் ஜான் சீனாவை வென்றார். சில நிமிடங்களில் அப்பட்டம் பறிக்கப்பட்டது. கதையில் நிறுவன அதிகாரிகளாக நடித்தவர்கள், இவர் முதல் தரத்துக்குச் சற்றுக் கீழானவர் என்று வெளிப்படையாகவே கூறினர். 2014 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் முப்பது பேர் மோதும் போட்டியில் அவர் இடம்பெறவில்லை. கடைசி எண்ணில் அவர் வருவார் என்று காத்திருந்த கூட்டம், ரே மிஸ்டீரியோ வந்ததும் அந்த அருமை மல்லரையே கூச்சலிட்டு விரட்டியது. வெற்றி பெற்ற பட்டிஸ்டாவுக்கும் அதே வரவேற்புதான். அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்சில் டேனியல்சன் ஒரே இரவில் இரு போட்டிகளில் வென்று பட்டத்தை உயர்த்தினார்.

ஆக, மாணவர்களின் வினாவுக்கு முடியும் என்று விடை கூறலாமா? கூறலாம். ஆனால் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். ஆமூரில் ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிற்று. நியூ ஆர்லியன்சில் ஊர் ஒன்றாகத் திரண்டு கத்திற்று. முன்னதில் கிள்ளியின் வெற்றிக்கு ஊரின் பேச்சு தேவைப்படவில்லை. பின்னதில் கூச்சல் இல்லாவிடின் வெற்றியே எழுதப்பட்டிராது. நிறுவனத்தின் திறமையும் சாதாரணமானதன்று. தான் அவரை மறுத்ததையே கதையாக்கி விற்றது. மறுத்ததில் ஓர் இலாபம். மறுப்பைக் கைவிட்டதில் மற்றோர் இலாபம்.

தனிப்பந்தி

டேனியல்சனின் வெற்றி விதிவிலக்கு. பொதுவழக்கு வேறு. 1990களின் பிற்பகுதியில் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. மெக்சிகோவிலிருந்து சிறிய மல்லர்களை அழைத்து வந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அவர்கள் பறந்து பறந்து கூட்டத்தைச் சூடேற்றுவர். நிறைவுப் போட்டி பெரிய உடல்களுக்கு. ரே மிஸ்டீரியோ அவர்களுள் ஒருவர். மெக்சிகோ மரபில் மல்லனின் மானமாகிய முகமூடியை 1999இல் நிறுவனம் கழற்ற வைத்தது. பின்னர் முகமூடியோடு டபிள்யூ.டபிள்யூ.இ. வந்து, 2006 ஏப்ரலில் உலகப் பட்டம் பெற்றார். பட்டம் இடுப்பில் இருக்கும்போதே, அடுத்த மாதம் நம் நாட்டு ஏழடி உருவத்தார் கிரேட் காலியிடம் நசுங்கித் தோற்குமாறு அவருக்கு எழுதப்பட்டது. காமாவின் நாட்டிலிருந்து அந்நிறுவனம் தேடி எடுத்தது காமாவை அல்ல, கிங்காங்கை.

2016இல் அதே நிறுவனம் 32 சிறிய மல்லர்களைக் கொண்டு தனிப் போட்டி நடத்தியது. எடை வரம்பு 205 பவுண்டு. ஏறத்தாழ 200 பவுண்டு எடையினரென்று சொல்லப்படும் காமா அதில் சேரலாம். ஸிபிஸ்கோ சேர முடியாது. நல்ல போட்டிகள்தான். ஆனால் அதிலிருந்து பிறந்த வாராந்தர நிகழ்ச்சி 2022 வரை ஓரமாகவே ஓடி நின்றது. விருந்தில் தனிப்பந்தி போடுவது மரியாதைக்காகவும் இருக்கலாம், ஒதுக்குவதற்காகவும் இருக்கலாம். எடைப் பிரிவு என்பதும் அப்படித்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கே.டி. ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றது, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர்ப் பதக்கம். அங்கே எடைப்பிரிவு அவரைக் காத்தது. பதக்கத்தின் மதிப்பு எல்லாப் பிரிவுக்கும் ஒன்று. நிறுவனத்தின் எடைப்பிரிவிலோ பதக்கமே சிறியது.

விலை ஒன்றும் உண்டு. பெரிய உடலினர் நின்றாலே கூட்டம் பார்க்கும்; சிறியவர் பார்க்கப்பட வேண்டுமானால் கயிற்றின் உச்சியிலிருந்து விழ வேண்டும். டேனியல்சன் பட்டம் பெற்ற மறு மாதமே கழுத்து அறுவை செய்துகொண்டார். ஜூனில் பட்டத்தை இழந்தார். தலையில் பட்ட அடிகளால் 2016இல் ஓய்வு அறிவித்தார். 2018இல்தான் திரும்ப முடிந்தது. இத்தனைக்கும் அந்நிறுவனத்து மல்லர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்லர், தனி ஒப்பந்தக்காரர்கள். பெயரும் கதையும் முடிவும் நிறுவனத்துடையவை. கழுத்து மட்டும் மல்லனுடையது.

தறியும் கோதாவும்

ஆரணியில் இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. பாவும் பட்டும் சரிகையும் பிறரிடம் பெற்று, தம் வீட்டுத் தறியில் நெய்து, சேலைக்கு இத்தனை என்று கூலி பெறுவோர் இங்கு மிகுதி. தறி நெசவாளருடையது, கை அவருடையது, தறிக்குழியில் மரத்துப்போகும் கால்களும் அவருடையவை. சேலைக்கு விலை வைப்பவர் வேறொருவர். இங்கு நெய்த சேலை வேறோர் ஊரின் பெயரால் விலைபோவதும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது, சொந்தப் பெயரைத் தக்கவைக்கும் முயற்சி. கரையிட்ட பட்டுச்சேலை போன்றவற்றைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் எடைப்பிரிவு. அது ஜாதவுக்குக் கிடைத்த காப்பா, மிஸ்டீரியோவுக்குக் கிடைத்த ஓரமா என்பது சட்டத்தின் எழுத்தால் முடிவதில்லை. விசைத்தறிச் சேலையும் கைத்தறிச் சேலையும் அருகருகே தொங்கும் கடையில் முடிவாகிறது.

சொந்தக் கோதா அமைத்துக்கொள்வதே வழி என்று சிலர் கூறுவர். 2018 செப்டம்பரில் சிகாகோ அருகே சுயேச்சை மல்லர் சிலர் முன்னின்று நடத்திய நிகழ்ச்சிக்குப் பதினாயிரம் பேர் திரண்டனர். அதன் தொடர்ச்சியாக 2019இல் ஆல் எலைட் ரெஸ்லிங் என்னும் நிறுவனம் பிறந்தது. 2021இல் டேனியல்சன் தம் சொந்தப் பெயரோடு அதில் சேர்ந்தார். 2024 ஆகஸ்டு 25 அன்று இலண்டன் வெம்ப்லி அரங்கில் அதன் உலகப் பட்டத்தை வென்றார். காமாவை வாயிலில் நிறுத்திய நகரில், 114 ஆண்டுகளுக்குப் பின், உருவத்தில் சிறிய சுயேச்சை மல்லர் ஒருவருக்குப் பெருங்கூட்டம் எழுந்து நின்றது. ஆனால் அந்தக் கோதாவுக்குப் பணம் இட்டது ஒரு பெருஞ்செல்வக் குடும்பம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முதலாளி மாறினார்; முதலாளி தேவைப்படாத நிலை வரவில்லை.

எனவே நம் மாணவர்களுக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. சிறியவர் பெரிய நிறுவனத்தில் வெல்ல முடியும், வென்றிருக்கின்றனர். அவர்கள் வென்ற ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை தள்ளியிருக்கிறது: ஒருமுறை நீதிமன்றம், ஒருமுறை கூட்டத்தின் கூச்சல், ஒருமுறை போட்டி முதலாளி. திறமை மட்டும் போதும் என்று அவர்களிடம் சொல்வது கிள்ளியின் காலத்து விதியை இக்காலத்துக்குச் சொல்வதாகும். திறமை வேண்டாம் என்பதும் தவறு. டேனியல்சன் பதினெட்டு வினாடியில் தோற்ற அன்று கூட்டம் எதற்காகக் கத்தியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தாண்டுச் சுயேச்சை உழைப்பு அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. கண்ணில் படாத உழைப்புக்காக எந்தக் கூட்டமும் கத்துவதில்லை. ஆரணியில் நெய்வோரின் உழைப்பைக் கண்டவர் எத்தனை பேர் என்பது, மாணவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்க வேண்டிய வினா.